நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாற்பத்து மூன்று முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு நான் தேர்வாளராக இருந்திருக்கிறேன். நாற்பத்து மூன்றும் ஒன்றுதான், இலையின் பெயர் மட்டும் மாறும். ஒருவருக்கு ஆடாதோடை, ஒருவருக்குக் குப்பைமேனி, இன்னொருவருக்கு நாயுருவி. இலையைப் பறித்து நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். பேதியும் சீதபேதியும் டைபாய்டும் கொடுக்கிற கிருமிகளை, அகார் என்ற கூழ் உறைந்த தட்டில் தடவுவார்கள். சாந்துப்பொட்டு அளவுக்கு ஒரு காகித வில்லையைச் சாற்றில் முக்கி அந்தத் தட்டின்மேல் வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் ஒரு வெற்று வட்டம் தெரிந்தால் இலை கொன்றுவிட்டது என்று அர்த்தம். ஸ்கேல் வைத்து அளந்து பதினோரு மில்லிமீட்டர் என்று எழுதி, அதைச் சுற்றி இருநூறு பக்கம் கட்டினால் டாக்டர் ஆகிவிடலாம்.

முதல் அத்தியாயம் 'ஆதிகாலம் தொட்டே மனிதன்' என்று ஆரம்பிக்கும். கடைசி அத்தியாயம் 'மேலும் ஆய்வுகள் தேவை' என்று முடியும். அந்த மேலும் ஆய்வுகளை இதுவரை எவரும் செய்ததாக எனக்குத் தெரியாது. நன்றியுரையில் இறைவன், வழிகாட்டி, மாமனார், அப்புறம் தட்டச்சு செய்து கொடுத்தவர். நான் நன்றியுரையைப் படிப்பேன். தட்டுகளின் புகைப்படங்களை ஒரு புரட்டு புரட்டுவேன். மற்றதைப் படிப்பதில்லை. அறிக்கை என் கணினியில் எப்போதும் தயாராக இருக்கும், பெயரையும் இலையையும் மாற்றினால் போதும்.

என் பெயர் ஸ்ரீரங்கன். நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. மந்தைவெளியில் வீடு. மனைவி நீரஜா கணக்கு டீச்சராக இருந்தவள். வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு நான் வீடு திரும்பும் நாளெல்லாம் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "இன்னிக்கு எவா மாட்டிண்டா?" என்பாள். நான் நடித்துக் காட்டுவேன். ஈ-கோலை என்ற கிருமியை ஈக்கோழி என்பதுபோல் உச்சரித்தவன், தன் ஆய்வேட்டின் தலைப்பையே மறந்துபோனவள், எல்லோரும் எங்கள் கூடத்துக்கு வந்து போவார்கள். நீரஜா சிரிப்பாள், பிறகு, "எப்பப் பாத்தாலும் யாரையாவது கரிச்சுக் கொட்டிண்டு. உங்களுக்கு ஒருத்தரையாவது பிடிச்சிருக்கா?" என்பாள். பிடிக்கும்படி யாராவது இருந்தால்தானே.

நாற்பத்து நான்காவது ஆய்வேடு தேவானை என்ற பெண்ணுடையது. வாய்மொழித் தேர்வன்று காலை ஏழு மணிக்கு நெடுஞ்செழியன் போன் செய்தான். அவன் என்னிடம் ஆராய்ச்சி செய்த முதல் மாணவன், இப்போது தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் துறைத் தலைவன். தேவானைக்கு வழிகாட்டியும் அவன்தான்.

"சார், கார் ஒம்பது மணிக்கு வந்துடும். ஒரு சின்ன விஷயம். அந்தப் பொண்ணு கடைசில ஒரு பின்னிணைப்பு சேர்த்திருக்கா. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமா இருக்கு. அதை எடுத்துடணும்னு ஒரு திருத்தம் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க சார். நீங்க படிக்கக்கூட வேண்டாம்."

"நீதானேடா வழிகாட்டி? கையெழுத்துப் போடறச்சே பாக்கலையா?"

"பின்னிணைப்பை யார் சார் படிக்கறாங்க? ஒடிசாவுல இருக்கற இன்னொரு தேர்வாளர் படிச்சுத் தொலைச்சுட்டார். ஆய்வேட்டிலேயே உருப்படியான பக்கம் அதுதான்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கார். அப்புறம்தான் நான் எடுத்துப் பாத்தேன்."

"அவ ஒத்துக்கலைன்னா?"

"ஒரு வருஷம் திருப்பி அனுப்பிடலாம் சார். அடுத்த வாரம் அவளுக்கு லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூ. பட்டம் கையில இருந்தாத்தான் உள்ளேயே விடுவாங்க. ஒத்துப்பா."

முப்பது வருடத்துக்கு முன்பு இவனுக்குப் பிப்பெட் பிடிக்கவே நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆளை மிரட்டுவதற்கு வேறு யாரிடமோ கற்றிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சரி என்றேன். ஒரு பக்கம் இருந்தால் என்ன, போனால் என்ன.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் லஸ் முனையில் கார் அரை மணி நேரம் நின்றது. பார்க்க வேறு ஒன்றுமில்லாததால் ஆய்வேட்டைப் பிரித்தேன். நூற்றுப் பதினைந்தே பக்கம். மற்றவர்கள் தலையணை கனத்துக்குக் கொடுப்பார்கள், இது நோஞ்சானாக இருந்தது. இலை அம்மான் பச்சரிசி. மதில் ஓரத்திலும் நடைபாதை விரிசலிலும் முளைத்து நிற்குமே, கிள்ளினால் பால் வருமே, அதுதான். அட்டவணைகளைப் பார்த்தேன். ஆறு, ஆறு, ஆறு. எல்லாக் கட்டத்திலும் ஆறு மில்லிமீட்டர். வில்லையின் அகலமே ஆறுதான். அதாவது வட்டமே இல்லை. புகைப்படங்களிலும் இல்லை. நாற்பத்து மூன்று மண்டூகங்கள் செய்து காட்டியதைக்கூட இவளுக்குச் செய்யத் தெரியவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நான் புரட்டவில்லை. படிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை மீறிப் படிக்கும் அளவுக்கு எனக்கு எந்த ஆய்வேட்டின் மீதும் மரியாதை இருந்ததில்லை.

கருத்தரங்குக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். கைதட்டுவதற்கென்று பிடித்து உட்கார வைக்கப்பட்ட முதுகலை மாணவர்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், வழக்கம்போல் பாலியெஸ்டர். கடைசி வரிசையில் மடியில் ஒயர் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். "அவங்க அம்மா சார், மணிமொழி," என்று நெடுஞ்செழியன் காதோடு சொன்னான். "அடையாத்தங்கரையில இருந்தவங்க. குடிசையெல்லாம் எடுத்துட்டு ஊருக்கு வெளியில பிளாக் கட்டிக் குடுத்திருக்காங்கல்ல, அங்கேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. அந்தக் குடும்பத்துல முதல் பட்டம் இவதான். கொஞ்சம் பாத்துப் பேசுங்க சார்." காலையில் திருப்பி அனுப்பலாம் என்றவனுக்கு மேடையில் இரக்கம் வந்துவிட்டது.

தேவானைக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். கஞ்சி மொடமொடப்புப் போகாத பச்சைப் பருத்திப் புடவை. பயம் தெரிந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. ஆதிகாலத்து மனிதனை விட்டுவிட்டு நேரே தட்டுகளுக்கு வந்தாள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டாள். நான் மைக்கை வாங்கினேன்.

"ஏம்மா, நாப்பத்து மூணு பேருக்கு வந்த வட்டம் உனக்கு மட்டும் வரலையே. இலை உன்னோட கோச்சிண்டுடுத்தா? இல்லை, பிளேட் போடவே நோக்குத் தெரியாதா?"

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அவள் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"சார், இது நீங்க அனுப்பின ரிப்போர்ட். 'ஆய்வாளர் பெற்றுள்ள வட்டங்கள் மிகுந்த நம்பிக்கையளிக்கின்றன'ன்னு எழுதியிருக்கீங்க. எந்த வட்டத்தைச் சொல்றீங்கன்னு தெரிஞ்சா நானும் பாத்துக்குவேன் சார்."

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள், அதுதான் கொடுமை. யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இருபது வருடமாக ஒரே அறிக்கையை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் அதை என் முகத்துக்கு நேராக வாசித்துக் காட்டியதில்லை. தேர்வாளரின் அறிக்கையைப் படிக்கிற மாணவி எந்த ஊரில் இருப்பாள்?

"அது பொதுவா எழுதறது," என்றேன். "கேள்விக்குப் பதில் சொல்லு. வட்டம் ஏன் வரலை?"

"வர வைக்கலாம் சார். காட்டட்டுங்களா?"

எதிரே இருந்த ஆய்வகத்துக்குப் போய் மூன்று தட்டுகளோடு வந்தாள். மூடிகளை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். "ஃபார்மலின் விட்டுக் கிருமியைக் கொன்னாச்சு சார், தைரியமாத் தொடலாம்," என்று என் முன்னால் வைத்து, ஒரு ஸ்கேலையும் கொடுத்தாள். "நீங்களே அளந்து மைக்குல சொல்லுங்க சார்."

நெடுஞ்செழியன் நாற்காலியில் நெளிந்தான். நான் கவனிக்கவில்லை. மூன்று தட்டிலும் சுத்தமான, கச்சிதமான வட்டங்கள். முதல் தட்டு பதினொன்று. இரண்டாவது பதினொன்று. மூன்றாவதும் பதினொன்று. "பாத்தியா, வராம எங்கே போகும்? இதை அட்டவணையில போடறதுக்கு என்ன கேடு?" என்று ஜெயித்துவிட்ட குரலில் கேட்டேன்.

"பிளேட்டைத் திருப்பிப் பாருங்க சார்."

தட்டின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. முதலாவது, அம்மான் பச்சரிசிச் சாறு. இரண்டாவது, பழைய செய்தித்தாளை ஊறவைத்த மெத்தனால். மூன்றாவது, வெறும் மெத்தனால்.

"இந்த மூணும் டிஸ்க்கைக் காய வைக்காம சொட்டச் சொட்ட ஈரத்தோட வச்சது சார். எங்க லேப்ல எல்லாரும் அப்படித்தான் வைப்போம். நான் சேர்ந்த அன்னிக்கே சீனியர் சொல்லிக் குடுத்தாங்க, 'ஈரமா வை, வட்டம் அழகா வரும்'னு. கிருமியைக் கொல்றது மெத்தனால் சார். டிஸ்க்கை நல்லாக் காய விட்டு வச்சா ஆறுதான் வருது. செடில ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல. இந்த வட்டம் செடியோடது இல்ல. அவ்வளவுதான் சார் என் தீசிஸ். யார் யார் ஈரமா வச்சாங்கன்னு நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல போட்டிருக்கேன்."

அப்போதுதான் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். ஒரு நீளப் பட்டியல். எந்த ஆய்வேடு, எந்த வருடம், வில்லை காய வைக்கப்பட்டதா, வெறும் மெத்தனால் வில்லை ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டதா, இந்த முறையை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நான் தேர்வாளராக இருந்தவற்றில் முப்பத்தொன்று அதில் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைக் கைகாட்டியது. நெடுஞ்செழியனுடையது அடியில் இருந்தது. அதற்கும் அடியில், கடைசி வரி: 'இம்முறையை முதலில் கையாண்டவர்: ஸ்ரீரங்கன், 1994.' அவ்வளவுதான். திட்டவில்லை, குற்றம் சாட்டவில்லை.

தேநீர் இடைவேளை என்று சொல்லி எழுந்துகொண்டேன்.

தொண்ணூற்று நான்கில் நடந்தது அந்தப் பக்கத்தில் இல்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். மறுவாரம் மாநாடு. ஆய்வகத்தில் மின்சாரம் போய், வில்லை காய வைக்கும் பெட்டி நின்றுவிட்டது. பொறுமை இல்லாமல் ஈரமாகவே வைத்தேன். மறுநாள் தட்டில் நிலா மாதிரி வட்டங்கள். முறைப்படி வெறும் மெத்தனாலில் முக்கிய வில்லை ஒன்றையும் வைத்திருந்தேன். அதைச் சுற்றியும் அதே அளவு வட்டம். தட்டுகளைக் கழுவ எடுத்த இசக்கியம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இலைச்சாறு படாத பொட்டுலயும் வட்டம் விழுந்திருக்கே. இதையும் நோட்டுல எழுதணுமா?" என்று கேட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. "அது கெட்டுப்போன பிளேட், கழுவிடுங்கோ," என்றேன். கழுவிவிட்டாள். அதற்குப் பிறகு நான் வெறும் வில்லையை வைக்கவே இல்லை. நெடுஞ்செழியன் சேர்ந்தபோது, ஈரமா வை, வட்டம் அழகா வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்த வட்டங்களை வைத்து மாநாட்டில் படித்த கட்டுரைதான் எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்தது. அதற்கப்புறம் முப்பது வருடம், என் தப்பையே திருப்பித் திருப்பிச் செய்தவர்களை மேடையில் உட்கார்ந்து மண்டூகம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துறைத் தலைவர் அறையில் முந்திரியும் காபியும் வந்தன. தேர்வு முடிவை எழுதும் படிவம் என் முன்னால் விரித்து வைக்கப்பட்டிருந்தது. நெடுஞ்செழியன் தேவானையை உள்ளே கூப்பிட்டான்.

"நூத்திப் பன்னெண்டை எடுத்துடும்மா. சார் கையெழுத்துப் போட்டுடுவார். இல்லைன்னா ஒரு வருஷம் தள்ளிப்போகும். அடுத்த வாரம் உனக்கு இன்டர்வியூ, ஞாபகம் வச்சுக்கோ."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்க முடியாது சார். மூணு வருஷம் முந்தி மழைக்கப்புறம் எங்க பிளாக்ல குழாய்த் தண்ணில சாக்கடை கலந்துடுச்சு. வீட்டுக்கு வீடு பேதி. நான்தான் சார் நம்ம லேப்ல அரைச்ச அம்மான் பச்சரிசிப் பொடியை எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். பதினோரு மில்லிமீட்டர்னு நானே அளந்தது இல்லையா, நம்பினேன். நான் படிச்ச பொண்ணுன்னு அவங்க என்னை நம்பினாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாம அதையே கலக்கிக் குடிச்சாங்க. எதிர் வீட்டு ஃபிசா அக்கா பொண்ணு, நாலு வயசு, கண்ணு சொருகிடுச்சு. தூக்கிட்டு ஓடினோம். பொழைச்சிக்கிச்சு. மறுநாள் லேப்புக்கு வந்து வெறும் மெத்தனாலை வச்சுப் பாத்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் இல்லைன்னா இன்னொருத்தி வந்து இன்னொரு பொடியை எடுத்துட்டுப் போவா சார்."

யாரும் முந்திரியைத் தொடவில்லை. பக்கம் இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நெடுஞ்செழியன் முந்திக்கொண்டான். கெட்டிக்காரன்.

"சரி, பக்கம் அப்படியே இருக்கட்டும். கடைசி வரிக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துடு. 'இது அக்காலத்தில் அறியாமல் நேர்ந்த பிழை.' சார் பேரும் கெடாது, உனக்கும் இன்னிக்கே முடிஞ்சுடும். என்ன சொல்றே?"

தேவானை யோசித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நிஜம்னா தாராளமா எழுதறேன் சார். அறியாமத்தானே சார் நடந்துது?"

நெடுஞ்செழியனை அவள் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். இசக்கியம்மாள் செத்துப் பத்து வருடமாகிறது. அந்தத் தட்டைப் பார்த்த வேறு யாரும் உயிரோடு இல்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால், அவளுக்குப் பட்டமும் போகப்போவதில்லை, வேலையும் போகப்போவதில்லை. போவது என் பெயர் மட்டும்தான்.

"ஆமாம்மா," என்றேன். "தெரியாமத்தான்."

அவள் முகம் தெளிந்தது. அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "எனக்குத் தெரியும் சார்," என்றாள். பேனாவை எடுத்து, நின்றபடியே குனிந்து, முத்து முத்தான கையெழுத்தில் அந்த வாக்கியத்தைக் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

கூடத்துக்குப் போய், தேவானைக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்தேன். பையன்கள் இந்தத் தடவை மனதாரத் தட்டினார்கள். படியிறங்கும்போது ஒயர் கூடையோடு அந்த அம்மாள் வழிமறித்தாள்.

"இன்னா சார், பொண்ணு பாஸா?"

"பாஸ்மா. இனிமே அவ டாக்டர்."

"மவராசனா இருக்கணும் சார் நீங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருசமா ஊட்ல இத்தே பேச்சுதான். ராத்திரில எய்திக்கினு குந்திக்கினு கீது இந்தப் பொண்ணு. நான் கேப்பேன், எவண்டி இந்த வேலைய மொதல்ல ஆரம்பிச்ச பாவின்னு. ஒடனே எம்மேல பாயும் சார். 'அப்டிலாம் சொல்லாதம்மா, அவுரு பெரிய சாரு, தெரியாமத்தான் பண்ணிருப்பாரு'ன்னும். வோணாம்னு சொல்லாம இத்த வச்சிக்கோங்க." கூடையிலிருந்து இரண்டு சாத்துக்குடியை எடுத்து என் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது லஸ் முனையில் கார் மறுபடி நின்றது. சாத்துக்குடி மடியில் இருந்தது. ஆய்வேடு பக்கத்து இருக்கையில் இருந்தது. அதைத் திறக்காமலே வீடு வந்து சேர்ந்தேன்.

நீரஜா காபியைக் கொண்டுவந்தாள். கதை கேட்கும் ஆவலில் எதிரே மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு எவா மாட்டிண்டா?"

"தேவானைன்னு ஒரு பொண்ணு," என்றேன். "ரொம்ப நல்ல பொண்ணு. அசலான வேலை பண்ணியிருக்கா."

நீட்டிய டம்ளரை அவள் என்னிடம் கொடுக்கவில்லை. கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் நான் ஒருவரை நல்லவர் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவளை என்ன பண்ணினேள்?" என்றாள்.